வண்டி கேள்வி–பதில்: பிக்கப்புக்கு ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்போது, எப்படி?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பார்க் பிளக் பற்றியவை. அவற்றில் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுமை ஏற்றி ஓடும் வண்டியில் பிளக் படும் பாடு வேறு என்பதால் அதைத் தனியாகப் பேசுவதே முறை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப். இதுவரை 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 1,00,000 கிலோமீட்டரில் பிளக் மாற்றினால் போதும் என்கிறது கையேடு. மெக்கானிக்கோ 40,000-க்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அவர்கள் வெவ்வேறு பிளக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்றே நினைக்கிறேன். பிளக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் முனையில் இருக்கும் உலோகம். நிக்கல் கலப்பு உலோக முனை கொண்ட சாதாரண பிளக், உள்ளே செம்புத் தண்டு இருப்பதால் காப்பர் பிளக் என்றும் அழைக்கப்படுவது, 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை நன்றாக உழைக்கும். பிளாட்டினம் முனை கொண்டது 1,00,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். இரிடியம் 1,00,000-இல் தொடங்கி 1,60,000 வரைகூடத் தாங்கும். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும். இரிடியம் உருக 2,446 டிகிரி வேண்டும். நிக்கல் முனையை இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுக்கு வைக்க வேண்டியிருக்கும்போது, இரிடியம் முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஊசிபோல் மெலிதாக வைத்தாலும் அது இரண்டு மடங்குக்கும் மேல் உழைப்பதற்கு இதுவே காரணம்.

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. கூராக இருந்த விளிம்பு மழுங்குகிறது. நடு முனைக்கும் அதன் எதிரே வளைந்து நிற்கும் முனைக்கும் இடையிலான இடைவெளி அகலமாகிறது. இடைவெளி அகல அகல, அதைத் தாண்டிக் குதிக்க மின்சாரத்துக்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கும் இக்னிஷன் காயில்தான் அந்தக் கூடுதல் பாரத்தைச் சுமக்கிறது. தேய்ந்த பிளக்கை அப்படியே விட்டு ஓட்டினால் நாளடைவில் காயிலும் போய்விடும்.

உங்கள் வண்டியில் இப்போது இருப்பது தொழிற்சாலையில் போட்ட பிளக்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வண்டியாக வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் இரிடியத்தை எடுத்துவிட்டுச் சாதாரண பிளக்கைப் போட்டிருக்கக்கூடும். அப்படியானால் கையேட்டில் இருக்கும் 1,00,000 என்ற கணக்கு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடலில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலும், கிலோமீட்டர் மீட்டர் எல்லா உழைப்பையும் கணக்கில் எடுப்பதில்லை. சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் என்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் பிளக் ஓயாமல் பொறி விட்டுக்கொண்டே இருக்கும், மீட்டரோ அசையாது. பாரம் ஏற்றுவது, டிரெய்லர் இழுப்பது, புழுதிச் சாலை, குறுந்தூர ஓட்டம் ஆகியவற்றைக் கையேடுகளே கடும் பயன்பாடு என்று தனியாகப் பிரித்து, அவற்றுக்குக் குறைந்த இடைவெளியில் பராமரிப்பைப் பரிந்துரைக்கின்றன. உங்கள் வண்டி அந்த வகையைச் சேர்ந்தது என்றால், மீதி 10,000 கிலோமீட்டரை மிச்சம் பிடிக்காமல் இப்போதே மாற்றிவிடுங்கள். சிலிண்டர்களை மேலிருந்து மூடும் அலுமினிய ஹெட்டில் பல ஆண்டுகள் அசையாமல் இருக்கும் பிளக் நாளாக ஆக மரையில் இறுகிக்கொள்ளும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

கேள்வி: வெறும் வண்டியாக ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது. பெட்ரோல் பம்ப்பைப் பார்க்கச் சொல்கிறார்கள். பிளக்காக இருக்குமா?

பதில்: பிளக்காக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆகவே பம்ப்புக்குக் கை வைக்கும் முன் பிளக்கைப் பாருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் எரிபொருளும் புகுந்து அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் கூடிய காற்றின் ஊடே பொறி பாய்வது கடினம். சமதரையில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த தேய்ந்த பிளக் அந்த நேரத்தில்தான் கைவிடுகிறது; ஒரு சிலிண்டர் எரியாமல் போவதைத்தான் நீங்கள் வெட்டு என்று உணர்கிறீர்கள். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பது, ஐட்லிங்கில் ஸ்டியரிங் வரை நடுக்கம் வருவது, எரிபொருள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவாவது ஆகியவை பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் வந்து சேரும். அதனால் பாரத்தில் வரும் இந்த முதல் அறிகுறியை மதிக்க வேண்டும்.

என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துக் குறியீட்டைப் பாருங்கள். பி0300 என்று வந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மிஸ்ஸிங் இருக்கிறது என்று பொருள். பி0301, பி0302 என வந்தால் கடைசி எண் சிலிண்டரைக் காட்டும். பி0303 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாம் சிலிண்டரில் மாட்டி, இரண்டின் காயிலை மூன்றில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் குற்றம் காயிலில். மாறாமல் மூன்றிலேயே நின்றால் அடுத்து பிளக்கை அதே போல் இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் அது அசையவில்லை என்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். இந்தச் சோதனைக்குப் புதிய பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

விளக்கு நிலையாக எரிவதும் விட்டு விட்டு மின்னுவதும் ஒன்றல்ல. மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய் வழியாக, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது; அதன் உட்புறம் உருகிப் போகும் அளவுக்குச் சூடேறக்கூடும். அப்போது பாரத்தோடு ஓட்டுவதை உடனே நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: டீசல் பிக்கப்புக்கு எத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும்?

பதில்: டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்துவதால் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பார்ப்பதற்கு அதுபோல இருப்பது ஹீட்டர் பிளக், அதாவது கிளோ பிளக்; குளிர்ந்த என்ஜின் எளிதில் கிளம்புவதற்காகச் சிலிண்டருக்குள் சூடேற்றுவது அதன் வேலை. அதற்குக் குறிப்பிட்ட கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும் வைப்பதில்லை. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுத்து வெண்புகை தள்ளினால் அதைச் சோதித்து, கெட்டுப்போனதை மாற்றினால் போதும்.

கேள்வி: நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். கருவிகள் ஓரளவு இருக்கின்றன. எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: கட்டாயம் சொல்கிறேன். இந்த வேலையில் கெட்டுப்போகக் கூடியது பிளக் அல்ல, சிலிண்டர் ஹெட்டின் மரை. பிளக்கின் உடல் எஃகு. அது போய் உட்காரும் ஹெட் அலுமினியம். எஃகும் அலுமினியமும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். பல ஆண்டுகளுக்கு முன், இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ராட்செட்டை மாட்டியே புதுப் பிளக்கைத் திருகத் தொடங்கி ஒரு வண்டியின் மூன்றாம் சிலிண்டர் மரையை நானே கெடுத்திருக்கிறேன். இரண்டு சுற்று கோணலாக ஏறி நின்றுவிட்டது. ஹெட்டை இறக்கி, துளையைப் பெரிதாக்கி, எஃகு மரைச்சுருள் வைத்து மீண்டும் பூட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கால் மணி நேரம் பொறுத்திருந்தால் அந்த வேலையே வந்திருக்காது. அதனால்தான் கீழே சொல்வனவற்றைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுத்துக்கொள்வது நல்லது. சூடான அலுமினியம் மென்மையாக இருக்கும், அப்போது பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து உரிந்து வரக்கூடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். தேவையானவை ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், ஒரு முழ ரப்பர் குழாய், காற்றடிக்க ஒரு வழி ஆகியவை. சாக்கெட்டின் அளவு பெரும்பாலும் 16 மில்லிமீட்டர். பழைய என்ஜின்களில் 21 மில்லிமீட்டரும், சில புதிய என்ஜின்களில் மெல்லிய சுவர் கொண்ட 14 மில்லிமீட்டரும் தேவைப்படும்.

ஒரு சிலிண்டரை முழுவதும் முடித்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். பிளக்குக்கு ஒயர் போகும் பழைய வகை என்ஜினாக இருந்தால் இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம்; ஒயர்கள் இடம் மாறினால் என்ஜின் தாறுமாறாக ஓடும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், முனையிலுள்ள ரப்பர் உறையைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகிவிட்டு உருவுங்கள். பிளக்கின் மேலேயே காயில் உட்கார்ந்திருக்கும் வகையானால், காயிலின் கனெக்டரைப் பூட்டு விடுவித்துக் கழற்றி, போல்ட்டை எடுத்து, அதேபோல் சற்றுத் திருகி மேலே தூக்குங்கள். பழைய கனெக்டர்களின் பிளாஸ்டிக் நாக்கு மொறுமொறுவென்று காய்ந்திருக்கும், பலமாக அழுத்தினால் முறிந்துவிடும்.

காயிலை எடுத்ததும் பிளக் இருக்கும் ஆழமான குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிக்கப்பில் அந்தக் குழிக்குள் மணல், துரும்பு, சில சமயம் சிறு கல்கூட இருக்கும். பிளக்கைக் கழற்றியதும் அவை அனைத்தும் நேராகப் பிஸ்டன் தலையில் விழும். எனவே கழற்றும் முன் காற்றடித்துக் குழியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், தூசி முகத்துக்கு நேராகவே கிளம்பும். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டோ குழியைச் சுற்றியுள்ள சீலோ கசிகிறது. அதைத் துடைத்தெடுத்துவிட்டு, அந்தக் கசிவையும் சரி செய்ய வேண்டும்.

இனிக் கழற்றலாம். நல்ல பிளக் முதலில் ஒரு சிறு முறிச்சலோடு இளகி, பிறகு விரலாலேயே சுற்றும்படி வந்துவிடும். கால் சுற்று வந்தபின் மறுபடி இறுகினாலோ கரகரவென்று சத்தம் கேட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். ஊடுருவு எண்ணெயைக் குழிக்குள் சில துளி விட்டுப் பொறுத்திருந்து, இறுக்கும் திசையில் சற்று, கழற்றும் திசையில் சற்று என்று மாறி மாறி அசைத்துக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு நீளக் குழாய் மாட்டி அழுத்தவே கூடாது. வெளியே வந்த பிளக்குகளைக் கலந்து போடாமல், ஓர் அட்டையில் துளையிட்டு எண் எழுதி வரிசையாகச் செருகி வையுங்கள். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புதுப் பிளக்கை ரப்பர் குழாயின் நுனியில் அதன் மேல்முனை படும்படி செருகிக் குழிக்குள் இறக்குங்கள். முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மரை ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து சிறிய துள்ளல் ஒன்று விரலில் தெரியும். அந்த இடத்திலிருந்து இறுக்கும் திசையில் சுற்றினால் பிளக் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் இறங்கும். நான்கைந்து சுற்றுக்கு மேல் தடையின்றிப் போனால் மரை நேராகப் பிடித்துக்கொண்டது என்று பொருள். கோணலாகப் பிடித்தால் குழாய் பிளக்கைச் சுற்றாமல் வழுக்கிவிடும். ரப்பர் குழாயைப் பயன்படுத்துவதன் அருமையே அதில்தான் இருக்கிறது. ராட்செட் அந்த எச்சரிக்கையைத் தராது, மரையை வெட்டிக்கொண்டே போகும்.

இறுக்கத்துக்குக் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. பொதுவாக அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் மரைப் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் கிடைக்கவில்லை என்றால், வாஷர் உள்ள புதிய பிளக்கைக் கையால் முழுவதும் இறுக்கியபின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை திருப்பினால் வாஷர் நசுங்கி உட்காரும். வாஷரே இல்லாமல் கூம்பு வடிவில் உட்காரும் பிளக்குக்குப் பதினாறில் ஒரு சுற்று போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கூம்புப் பிளக்கை அரைச் சுற்று இறுக்கியவர்கள் அடுத்த முறை அதைக் கழற்றப் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். குறைவாக இறுக்குவதும் தவறு. பிளக் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தித்தான் ஆறுகிறது, தளர்ந்திருந்தால் சூடு இறங்க வழியில்லாமல் தானே எரிந்துபோகும்.

கேள்வி: புதுப் பிளக்கின் இடைவெளியை நாம் சரிபார்க்க வேண்டுமா? மரை இறுகிக்கொள்ளாமல் இருக்க அதில் ஆன்டி-சீஸ் பசை தடவச் சொல்கிறார்களே, தடவலாமா?

பதில்: பார்ப்பது நல்லது, திருத்துவதில் நிதானம் வேண்டும். பெட்டியில் அளவு வைத்தே வந்தாலும் வழியில் எங்காவது தட்டுப்பட்டிருக்கலாம். இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் என்ஜினுக்கான சரியான எண் கையேட்டிலோ பானட்டின் உட்புறத்தில் ஒட்டிய தாளிலோ இருக்கலாம். மெல்லிய கம்பி வகை அளவுகோலால் அளந்து பாருங்கள். நாணயம் போன்ற வட்ட அளவுகோலை இடையில் திணித்து நெம்பினால் இரிடியம் ஊசி முறிந்துவிடும். திருத்த வேண்டியிருந்தால் வெளிப்புற வளைந்த முனையை மட்டும் மெல்ல அசைக்கலாம், நடு முனையைத் தொடக் கூடாது. கைதவறிக் கீழே விழுந்த பிளக்கைப் பயன்படுத்தாதீர்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருந்தால் பொறி இடைவெளியில் பாயாமல் அந்த விரிசல் வழியே ஓடிவிடும்.

பசையைப் பொறுத்தவரை, தடவ வேண்டாம் என்பதே என் விடை. இன்றைய பெரும்பாலான பிளக்குகளின் மரையில் துருப்பிடிக்காத உலோகப் பூச்சு இருக்கிறது. அதன்மேல் பசையும் சேர்ந்தால் மரை வழுக்கிக்கொண்டு போய், டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும்போதே பிளக் அளவுக்கு மீறி இறுகியிருக்கும். காயிலின் ரப்பர் உறைக்குள் மட்டும் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸைச் சிறிதளவு தடவலாம். ஈரம் புகாது, அடுத்த முறை உறை கிழியாமல் கழன்றுவரும்.

கேள்வி: கழற்றிய பிளக்குகளை மெக்கானிக் உற்றுப் பார்த்துவிட்டு ஏதேதோ சொல்கிறார். பழைய பிளக்கில் அப்படி என்ன தெரியும்?

பதில்: நிறையவே தெரியும். இந்தப் பகுதிக்கு எழுதும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: பழைய பிளக்கைப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள். சிலிண்டருக்குள் பல மாதங்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்து திரும்பி வந்திருக்கும் ஒரே பாகம் அது.

நல்ல வெளிச்சத்தில் அட்டையிலிருக்கும் பிளக்குகளை வரிசையாகப் பாருங்கள். நடு முனையைச் சூழ்ந்த பீங்கான் பிஸ்கட் நிறத்திலோ வெளிர் சாம்பலாகவோ இருந்தால் என்ஜின் நலமாக இருக்கிறது. தேய்ந்ததால் மாற்றினீர்கள், அவ்வளவே. விரலால் துடைத்தால் ஒட்டிக்கொள்ளும் உலர்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதியாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஆக்சிஜன் சென்சார் தவறிருக்கலாம், அல்லது குறுந்தூர ஓட்டத்தில் பிளக் சூடேறவே வாய்ப்பில்லாமல் இருந்திருக்கலாம். பிளக் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள அதன் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். கறுப்பு பளபளவென்று ஈரமாக, எண்ணெய் வாடையோடு இருந்தால் என்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது. வால்வ் சீலையும் பிஸ்டன் ரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். எண்ணெயில்லாமல் பெட்ரோல் வாடை மட்டும் வீசினால் அந்தச் சிலிண்டரில் எரிதலே சரியாக நடக்கவில்லை. பீங்கான் சுண்ணாம்பு போல் வெளுத்துக் கொப்புளமாகவும், முனை ஓரங்கள் உருகியும் இருந்தால் அதிகச் சூடு; பாரம் ஏற்றும் வண்டியில் இதைக் கண்டால் கூலிங் அமைப்பையும் எரிபொருள் கலவையையும் உடனே சோதிக்க வேண்டும். பீங்கான் முனை உடைந்திருந்தால் என்ஜின் தட்டும் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எல்லாப் பிளக்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் குறை பொதுவானது. மற்றவை பிஸ்கட் நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரிலேயே குறை இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பார்ப்பதற்காகவே எண் எழுதி வைக்கச் சொன்னேன். ஒருமுறை ஆறு சிலிண்டர் வண்டியொன்றில் ஐந்து பிளக்குகள் பழுப்பாக இருக்க, நான்காவது மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்று வெளுத்திருந்தது. ரேடியேட்டர் நீரும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டிருப்பதாக உரிமையாளர் சொன்னதும் இரண்டும் பொருந்திவிட்டன. ஹெட் கேஸ்கெட் அந்தச் சிலிண்டரின் ஓரத்தில் விட்டுப்போய் நீர் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. வண்டி அதுவரை ஒரு நாளும் சூடேறி நின்றதில்லை.

பலரைக் கலங்கடிக்கும் ஒரு கறை உண்டு. பீங்கானின் வெளிப்புறத்தில், இரும்பு உடலை ஒட்டி மேலே பழுப்பு வளையம் படிந்திருக்கும். வாயு கசிகிறது என்று பயந்துவிடுவார்கள். உயர் வோல்ட் மின்புலம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் படியவைத்த கறை அது; அதனால் தீங்கில்லை.

கேள்வி: பாரம் இழுக்கச் சூடான வகை பிளக் போட்டால் சக்தி கூடும் என்கிறார்களே?

பதில்: சக்தி கூடிவிடாது. சூடான வகை, குளிர் வகை என்பது பொறியின் வலிமையைக் குறிப்பதல்ல. பிளக் தன் முனையின் வெப்பத்தை எவ்வளவு விரைவாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைக் குறிப்பது. சூடான வகையைப் பாரம் இழுக்கும் வண்டியில் போட்டால் முனை 850 டிகிரிக்கு மேல் பழுத்து, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கக்கூடும்; அது பிஸ்டனையே துளைத்துவிடும். கடையில் எண்ணைப் பார்த்து ஒப்பிடும்போதும் கவனம் தேவை. என்ஜிகே, டென்சோ நிறுவனங்களின் எண் ஏற ஏறப் பிளக் குளிர் வகையாகும். பாஷ், சாம்பியன் எண்கள் ஏறினால் சூடான வகையாகும். ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேராகப் பொருத்தாமல், ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: பெரிய வி8 பிக்கப்புகளில் பிளக் உள்ளேயே முறிந்துவிடுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? எட்டு சிலிண்டருக்கு எட்டுப் பிளக் வாங்கினால் போதுமல்லவா?

பதில்: எட்டு போதுமா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். ராம் பிக்கப்பின் 5.7 லிட்டர் ஹெமி என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் பதினாறு பிளக்குகள் இருக்கின்றன. முறிவதும் உண்மைதான். 2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் வந்த 5.4 லிட்டர் மூன்று வால்வ் என்ஜின் இதற்குப் பேர் போனது. அதன் பிளக் இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. நீண்ட கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கரி படிந்து ஹெட்டோடு ஒட்டிக்கொள்ள, மேல்பகுதி மட்டும் கையோடு வந்துவிடும். அந்த நிறுவனமே வெளியிட்ட பணிமுறை பொறுமையை வலியுறுத்துகிறது: ஆறிய என்ஜினில் பிளக்கை எட்டில் ஒரு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று மட்டும் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனர் திரவத்தைக் குழிக்குள் விட்டு, குறைந்தது 15 நிமிடம் ஊறவிட்டு, பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். உள்ளே தங்கிவிட்ட துண்டை எடுக்கத் தனிக் கருவி உண்டு. அது கைவசம் இல்லாமல் இந்த என்ஜினைத் தொடங்குவது சரியல்ல. அனுபவமுள்ள பட்டறையிலேயே கொடுங்கள்.

கேள்வி: பெட்ரோலில் ஓடிய பிக்கப்பைக் கேஸுக்கு மாற்றியிருக்கிறேன். பிளக்கில் ஏதாவது வேறுபாடு உண்டா?

பதில்: உண்டு. எல்பிஜி, சிஎன்ஜி இரண்டுமே பற்றிக்கொள்ளப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட் கேட்பவை. எனவே பெட்ரோலில் தெரியாத தேய்மானம் கேஸில் தெரிந்துவிடும். ஒரே வண்டி பெட்ரோலுக்கு மாற்றினால் ஒழுங்காகவும் கேஸுக்கு மாற்றினால் வெட்டியும் ஓடுவது பெரும்பாலும் இதனால்தான். கேஸ் கிட் பொருத்தியவர் குறிப்பிடும் இடைவெளியை வையுங்கள், பெரும்பாலும் அது பெட்ரோலுக்கு உள்ளதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். கையேட்டில் உள்ள கிலோமீட்டர் பெட்ரோல் ஓட்டத்துக்கானது. கேஸில் அதுவரை காத்திருக்காமல், பாதித் தூரத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி இடைவெளியை அளந்து பாருங்கள். அளவு அகன்றிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.